அமுதவல்லி வாங்கிய வண்டி

ஷோரூம் இளைஞர் ஓடிவந்து அமுதவல்லிக்காகத் திறந்துவிட்டது காரின் இடது பக்கக் கதவை.

"உக்காந்து பாருங்க மேடம். காலை நல்லா நீட்டிக்கலாம்."

அமுதவல்லி நகரவில்லை. "ஓட்டுறவங்க எந்தப் பக்கம் உக்காருவாங்க தம்பி?" என்று கேட்டாள்.

அவர் அவளுடைய தம்பி அருண்குமாரைப் பார்த்தார். "சார்தானுங்களே ஓட்டப் போறாரு?"

"இல்லீங்க. நான்தான்."

இளைஞர் சிரித்தார். வாடிக்கையாளர் விளையாட்டாக ஏதோ சொன்னால் சிரிப்பதற்கென்று அவர்கள் வைத்திருக்கும் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் அருண்குமாரிடமே திரும்பி, "மைலேஜ் எல்லாம் நல்லா வருங்க சார்" என்றார்.

அமுதவல்லிக்கு அப்போது வயது நாற்பத்தாறு. அரூரில் இருபத்திரண்டு வருடமாகப் பத்திரம் எழுதுகிறாள். கிரயம், பாகப்பிரிவினை, தானம், உயில் எதுவாக இருந்தாலும் அவள் எழுதியதில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு யாரும் கோர்ட்டுக்குப் போனதில்லை. இரண்டு வயதில் வந்த போலியோ அவளுடைய வலது காலை எடுத்துக்கொண்டது. தொடையிலிருந்து பூட்ஸ் வரைக்கும் இரும்புப் பட்டை. நிற்கும்போது முழங்காலில் ஒரு பூட்டு விழும். உட்காரும்போது அதைக் கையால் விடுவித்து, காலைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இடது கால் இரண்டு காலின் வேலையைச் செய்து உரமேறிப் போயிருந்தது.

பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரைப் பதினைந்து வருடம் ஓட்டினாள். அதற்குக் கொடுத்த உரிமத்தில் வண்டியின் வகை 'இன்வேலிட் கேரேஜ்' என்று இருந்தது. இன்வேலிட் என்றால் செல்லாதது என்றும் பொருள் என்பது அவளுக்குத் தெரியும். செல்லாத பத்திரம், செல்லாத உயில் என்று எத்தனை முறை எழுதியிருப்பாள். சட்டத்தின் மொழியில் அதற்கு உடல் முடியாதவர் என்று பொருள் என யாரோ விளக்கினார்கள். அப்படியானால் வேறு சொல்லே கிடைக்கவில்லையா என்று கேட்டாள்.

போன ஐப்பசியில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் படுக்கையில் கிடந்த பெரியவருக்கு உயில் எழுதப் போனாள். திரும்பி வரும்போது கொட்டியது மழை. ஒரு டிப்பர் லாரி சேற்றை வாரி அவள் தலையோடு இறைத்துவிட்டுப் போயிற்று. பையிலிருந்த காகிதங்கள் ஊறிப்போய், மறுநாள் திரும்பப் போய் முழுவதையும் எழுத வேண்டியிருந்தது. ஹேண்டில்பாரைப் பிடித்துப் பிடித்துத் தோள்பட்டையும் அந்த வருடம்தான் தூக்க முடியாமல் போனது. கார் வாங்குவதென்று முடிவு செய்தாள். எல்.எல்.ஆர். என்னும் பழகுநர் உரிமம் எடுத்தாள். ஓசூரில் வேலை பார்க்கும் தம்பியை ஒரு ஞாயிற்றுக்கிழமை துணைக்கு அழைத்துக்கொண்டு நெடுஞ்சாலையோரம் இருந்த இந்த ஷோரூமுக்கு வந்தாள்.

வலது பக்கம் போய்க் கதவைத் தானே திறந்தாள். இருக்கை தாழ்வாக இருந்தது; பள்ளத்தில் விழுவதுபோல் விழ வேண்டியிருந்தது. பூட்டை விடுவித்து வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். பூட்ஸின் முனை பிரேக்குக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொண்டது. குனிந்து இரண்டு கையாலும் இழுத்து எடுத்தாள்.

"இதுலயே இடது கால்ல ஆக்சிலேட்டர் வைக்கணும். இந்தப் பக்கம் எடம் எவ்வளவு இருக்குதுன்னு அளக்கணும், டேப் இருக்குதுங்களா?"

"இடது கால்ல ஆக்சிலேட்டர் வராதுங்க மேடம்."

"வராதுன்னு தெரியுமா, இல்ல வருமான்னே உங்களுக்குத் தெரியாதா?"

அருண்குமார் குறுக்கே வந்தான். "நீ உக்காருக்கா, நான் பேசிக்கிறேன்." இருவரும் தள்ளிப் போய் மேசையில் உட்கார்ந்து பேசினார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் அந்த மேசைக்கு வந்தபோது எதிரே ஒரு படிவம் நிரப்பப்பட்டிருந்தது. எதிர்ப்பக்கம் உள்ள காகிதத்தைத் தலைகீழாகப் படிப்பது அவளுடைய தொழிலில் கைவந்த கலை. வாடிக்கையாளர்: அருண்குமார். தேவை: அக்கா ஊனம், பின் சீட்டில் இடம் வேண்டும்.

பேனாவை வாங்கினாள். அருண்குமார் என்பதை அடித்து அமுதவல்லி என்று எழுதி, அடித்த இடத்தில் பத்திரத்தில் போடுவதுபோல் சுருக்கொப்பம் போட்டாள். இரண்டாவது வரி முழுவதையும் அடித்தாள். "ஓட்டிப் பாக்கணும்னா எப்ப வரலாம்?" என்றாள்.

"உங்களுக்கு டெஸ்ட் டிரைவ் குடுக்க மாட்டாங்க மேடம். நம்ம வண்டியில அந்த பெடல் இல்லீங்க."

"மாத்தின வண்டி எங்க பாக்கலாம்?"

"வாங்குனப்புறம்தான் மாத்த முடியுங்க."

"பொருந்துமான்னு பாக்க வாங்கணும். வாங்குனப்புறம் பொருந்தலன்னா?"

சுவரில் மாற்றுத்திறனாளி வாடிக்கையாளர்களை அன்புடன் வரவேற்பதாக அழகான எழுத்தில் ஓர் அட்டை தொங்கியது.

வெளியே வந்ததும் அருண்குமார், "விடுக்கா. நல்ல பெரிய வண்டியாப் பாத்து வாங்கி டிரைவர் போட்டுக்கலாம்" என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அதனால்தான் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உனக்கு லைசென்ஸ் வாங்குனப்ப, நீ எதுக்குடா ஓட்டணும், டிரைவர் போட்டுக்கோன்னு யாராவது சொன்னாங்களா? உங்க வூட்டு மனைக்கு, உன் மாமனார் சொத்துக்கு, எல்லாத்துக்கும் நான்தான எழுதுனேன்? அப்ப என் கையி ஆவும். இங்க வந்தா என் வாயி கூட ஆவாது, நீ பேசிக்கிறியா?"

சாலையில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தன் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். அவள் ஏறவில்லை. பஸ்ஸில் வந்தாள்.

பத்து நாள் கழித்து, ஒரு கிரயப் பத்திரத்துக்காக மாதவராஜ் என்பவர் வந்தார். பாலக்கோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர், அவள் வயதுதான் இருக்கும். ஜன்னல் வழியாகப் பார்த்தவளுக்குக் கை நின்றுவிட்டது. காரின் வலது கதவு திறந்தது, முதலில் ஒரு ஊன்றுகோல் இறங்கியது, பிறகு சூம்பிய வலது கால், பிறகு அந்த மனிதர். 'மேற்படி சொத்தின் நான்கெல்லை' என்று எழுதிய வரியை அப்படியே விட்டுவிட்டு அவள் வெளியே போனாள்.

"உங்க வண்டிய ஒரு நிமிஷம் பாக்கலாமுங்களா?"

பாவம், பத்திரத்தில் ஏதோ சிக்கல் என்று பயந்துபோனார். விஷயம் தெரிந்ததும் ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து காட்டினார். பிரேக்குக்கு இடப்புறம் இன்னொரு பெடல். கம்பெனிக்காரர்கள் வைத்த பெடலுக்கு முன்னால் ஒரு தகடு. "வலுவில்லாத கால் நழுவி அது மேல விழுந்துச்சுன்னா வண்டி பாஞ்சிரும் பாருங்க, அதுக்குத்தான்" என்றார். முறையாக அனுமதி பெற்ற பெடல் என்று அதன் காகிதத்தையும் எடுத்து நீட்டினார்.

"நானும் ஒரு வண்டி வாங்கி ஏமாந்துட்டுத்தானுங்க இதுக்கு வந்தேன். அதுல இடது பக்கம் ஃபியூஸ் பாக்ஸ் முட்டிக்கிட்டு நிக்கும், கால் வைக்க எடமில்ல. நீங்க வண்டிய அப்புறம் பாருங்க, மொதல்ல அதுக்குள்ள காலுக்கு எடத்தப் பாருங்க."

அடுத்த ஞாயிறு காரிமங்கலம் பக்கம், இன்னும் வீடு எழும்பாத ஒரு மனைப்பிரிவில் அவரை அருகில் வைத்துக்கொண்டு அவருடைய வண்டியை அமுதவல்லி ஓட்டினாள். முதல் அரைமணி நேரம் இடது கால் பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் மாற்றி மாற்றி மிதித்ததில் வண்டி எல்லைக்கல் ஒன்றை இடித்துத் தள்ளியது. பிறகு வண்டி அவள் பேச்சைக் கேட்கத் தொடங்கியது. மேட்டில் ஏறி நின்று, பின்னால் உருளாமல் மறுபடி கிளம்பினாள். சந்தோஷத்தோடு ஆத்திரமும் வந்தது. இவ்வளவுதானா? இந்த ஒரு பெடலுக்காகவா இத்தனை வருடம் கார் என்றாலே மற்றவர்களின் பின் சீட்டு?

அதன்பின் நான்கு ஷோரூம் ஏறினாள், தனியாக. பையில் தையல்காரரின் அங்குல டேப். இருக்கை அவள் இடுப்பு உயரத்துக்கு இருக்க வேண்டும். கதவு அகலமாகத் திறக்க வேண்டும். வாசல் விளிம்பு தாழ்வாக இருக்க வேண்டும், காலைத் தூக்குவது கைதானே. ஸ்டியரிங்குக்கு அடியில் இரும்புப் பட்டை இடிக்கக் கூடாது. வலது பூட்ஸுக்குக் கதவோரம் ஒதுங்க இடம் வேண்டும். கியர் தானாக மாற வேண்டும். ஒரு ஷோரூமில் பெரிய திரை, சன்ரூஃப், உள்விளக்கின் நிறங்கள் என்று அடுக்கினார்கள். "கதவு எவ்வளவு தூரம் தொறக்கும்?" என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. இன்னொரு இடத்தில் மேலாளரே வந்து, "இந்த நெலமையிலயும் கார் ஓட்ட ஆசைப்படுறீங்களே, உங்கள நெனச்சா பெருமையா இருக்குதும்மா" என்றார். அவருடைய வண்டியின் கதவும் போதவில்லை.

கடைசியில் பொருந்தியது உயரமான, சின்ன வண்டி. படத்தைப் பார்த்து அருண்குமார் போனில், "டப்பா மாதிரி இருக்குதேக்கா" என்றான்.

"டப்பாவுக்குள்ள என் காலு உக்காருது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

பெடல் மாற்றி, பதிவும் முடிந்தது. மிச்சம் ஓட்டுநர் தேர்வு. மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைச் சுற்றி வந்து அவளுடைய காலைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

"இதெல்லாம் சரிப்படாதும்மா. நார்மல் வண்டி ஓட்டிக் காட்டு, பாஸ் பண்றேன்."

"இந்த வண்டிக்குத்தானுங்க சார் லைசென்ஸ் கேக்குறேன்."

"ரோட்டுல நாலு பேர் உசுரு இருக்குது. வூட்ல ஆம்பள யாரும் இல்லியா?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் நீட்டினாள். "இப்ப சொன்னத அப்படியே எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்."

"என்ன, மிரட்டுறியா?"

"பத்திரம் எழுதுறவ சார். வாய்ல சொல்றது எதுவும் எனக்குக் கணக்குல வராது."

அவர் எழுதவில்லை. அடுத்த வாரம் வரச் சொன்னார். அடுத்த வாரம் விடுப்பில் இருந்தார். அதற்கடுத்த முறை கணினி வேலை செய்யவில்லை என்றார்கள். மூன்றாம் முறையும் வெறுங்கையோடு வீடு திரும்பிய அமுதவல்லி சாப்பிடாமல் உட்கார்ந்து புகார் மனு எழுதினாள். அடைமொழி இல்லை, கெஞ்சல் இல்லை. எந்த நாள், எத்தனை மணி, யார், எந்தச் சொல். 'வூட்ல ஆம்பள யாரும் இல்லியா' என்பதை மேற்கோள் குறிக்குள், அவர் சொன்ன பேச்சிலேயே வைத்தாள். திங்கட்கிழமை தருமபுரியில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போனாள். மனுவின் நகலில், பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்காமல் இடத்தைவிட்டு அசையவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், அதற்கும் அசையவில்லை.

ஒன்பதாம் நாள் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். அதே ஆய்வாளர்தான் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். எட்டுப் போட்டாள், பின்னால் எடுத்தாள், மேட்டில் நிறுத்திக் கிளப்பினாள். இறங்கும்போது அவர், "பரவால்லியே, நல்லாத்தான் ஓட்டுறீங்க" என்றார்.

அவர் திட்டியிருந்தால்கூட இத்தனை எரிச்சல் வந்திருக்காது. மூன்று முறை அலைந்ததற்கு ஒரு சொல் இல்லை. 'நீ' என்பது 'நீங்க' ஆனதுதான் மிச்சம், அதுவும் முத்திரைக்குப் பயந்து. அமுதவல்லி நன்றி சொல்லவில்லை.

பொங்கலுக்குக் காரை எடுக்காமல் வந்து, இங்கிருந்து மாமனார் ஊருக்குக் கிளம்பிய தம்பியை மொரப்பூரில் ரயிலேற்ற அவளே கூட்டிப்போனாள். ஊர் தாண்டுவதற்குள் அவன், "மெதுவா, மெதுவா... பஸ் வருது பாருக்கா" என்று நான்கு தடவை சொல்லிவிட்டான். வண்டியை ஓரம் கட்டினாள்.

"எறங்குறியா, வாய மூடிக்கிட்டு வர்றியா?"

ஸ்டேஷனில் பெட்டியை இறக்கிக்கொண்ட பிறகு அவன், ஜன்னலில் கை வைத்துக்கொண்டு, "அன்னிக்கு அந்த ஷோரூம்ல நான் பேசியிருக்கக் கூடாதுக்கா" என்றான்.

"ஆமா" என்றாள்.

சேதி எப்படியோ பரவியது. இப்போது பத்திரம் எழுத வருகிறவர்களுக்கு இடையில், வாரத்துக்கு ஒருவராவது இப்படி மனு எழுதித் தரச் சொல்லி வருகிறார்கள். போன வாரம் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பூவிழி என்று ஒரு பெண் வந்தாள். கரும்பு ஆலை மெஷினில் இடது கை போனவள். ஸ்கூட்டர் உரிமத்துக்குப் போனபோது உள்ளே கூட விடவில்லையாம்.

"அவங்க சொன்னதக் கொஞ்சம் நாகரிகமா மாத்தி எழுதிருங்கக்கா" என்றாள் பூவிழி.

"ஒரு எழுத்துக்கூட மாத்த மாட்டேன். என்ன சொன்னாங்களோ, அதையே சொல்லு" என்று சொல்லிவிட்டு, அமுதவல்லி மேசையிலிருந்த கிரயப் பத்திரத்தைத் தள்ளி வைத்தாள்.