கூட்டிவிட்ட பத்து மைக்ரோ விநாடி

எங்கள் சுரங்க ஆய்வுக்கூடத்தில் கடிகாரம் பார்க்கும் டெக்னீஷியனுக்கு நாங்கள் வைத்த பெயர் மைக்ரோ. விநாடியைப் பத்து லட்சம் கூறு போட்டு, அதில் ஒரு கூறு தப்பினாலும் மனுஷனுக்குச் சோறு இறங்காது. "ஊருக்கெல்லாம் டைம் பாக்குறாரு, வீட்டுக்கு வர்ற டைம் மட்டும் தெரியாது" என்பார் அவர் மனைவி.

ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு மெஷின், நியூட்ரினோ என்ற நுண்துகள்களைக் கொத்துக்கொத்தாக மண்ணுக்குள்ளேயே எங்கள் பக்கம் அனுப்பும். வழியில் சில வேறு வகையாக மாறிவிடும். மாறியவை எங்கள் தண்ணீர்த் தொட்டியில் பதியாது; வரவேண்டியதில் எத்தனை குறைகிறதோ அத்தனை மாறிவிட்டது என்று அர்த்தம். கொத்து வந்து சேரும் கணத்தில் மட்டும் பதிவு திறக்கும். மற்றதெல்லாம் அழிந்துவிடும்.

அந்தக் குறைவை அளக்க இருபது வருடம் மல்லுக்கட்டியவர் எங்கள் தலைமை விஞ்ஞானி, டாக்டரம்மா. அவருக்குக் கணையத்தில் புற்றுநோய். "இந்த முடிவு வெளிய வந்தா போதும், அப்புறம் எப்படியோ போகட்டும்" என்பார். வெள்ளிக்கிழமை அறிவிப்பு.

அதில் காட்டக் கடிகார இணைப்பின் படம் ஒன்று கேட்டார்கள் என்று புதன்கிழமை மைக்ரோ தன் நோட்டைப் புரட்டினார். மேலிருந்து இறங்கும் இரண்டு கிலோமீட்டர் கம்பியில் நேரக் குறி வந்து சேரப் பத்து மைக்ரோ விநாடி ஆகும். புதுக் கம்பி போட்டபோது, பதிவு திறக்கும் நேரத்தில் அதைக் கழிக்காமல் கூட்டியிருந்தார். இந்த முடிவுக்கு எடுத்த பதினோரு மாதமும் பதிவு தாமதமாகத் திறந்திருக்கிறது. ஒவ்வொரு கொத்திலும் முன்பகுதி வீண். மாறிவிட்டதாக நாங்கள் கொண்டாடியவற்றில் பாதி மாறவே இல்லை. நாங்கள்தான் பார்க்கவில்லை.

"வாயை மூடிட்டு இருங்கண்ணே. அவங்க நிம்மதியா போகட்டும்" என்றேன் நான். இப்போது நினைத்தால் அசிங்கமாக இருக்கிறது, அன்று அப்படித் தோன்றவில்லை. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நோட்டோடு நடந்தார். பின்னாலேயே போனேன்.

டாக்டரம்மா அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார்.

"மறுபடி எடுக்க எவ்வளவு நாளாகும்?"

"மெஷினைப் பிரிச்சுப் போட்டுட்டாங்கம்மா. திரும்ப ஓட ரெண்டு வருஷம் ஆகும்."

"எனக்கு அவ்வளவு இல்லையே" என்றார். நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்து, "நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அறிவிப்பை அவரே ரத்து செய்தார். அதிலிருந்து நான்காம் மாதம் போய்விட்டார்.

மெஷின் மறுபடி ஓடி முதல் நியூட்ரினோ விழுந்த அன்று, திரைமுன் நின்று எல்லோரும் கைதட்டினோம். மைக்ரோ கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அவர் அழுவது வெளியே வரை கேட்டது. ஒவ்வொருவராகக் கைதட்டலை நிறுத்தினோம்.