கலர் ஏறாத இடம்

ராஜபாளையத்திலேயே ஒரு பேய்க்குக் கூரை எஸ்டிமேட் போட்டுக் கொடுத்த ஒரே ஆள் நான்தான். சிமெண்ட், கம்பி, ஜல்லி எல்லாம் தனித்தனியாகப் பிரித்து, வேஸ்டேஜும் சேர்த்து, கீழே 'வேதசிரோமணி' என்று கையெழுத்தும் போட்டேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். பொறவு வாய் வராது.

இது நிஜமாக நடந்தது. போன ஆவணியில். ராத்திரியும் இல்லை, சுடுகாடும் இல்லை. பட்டப்பகல், என் வீட்டு ஹால், தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிறது, அடுப்படியில் மருமகள் மீன் பொரிக்கிறாள். பேய் என்றால் இருட்டில்தான் வரும் என்று யாரோ உங்களை நன்றாக ஏமாற்றி வைத்திருக்கிறார்கள்.

நான் ஒரு மில்லில் முப்பது வருஷம் பிளான் வரைகிற டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவன். ரிட்டயர் ஆனதும் என் மகன் எபனேசர் ஒரு லேப்டாப்பை என் முன்னால் வைத்தான். அவன் கட்டட கான்ட்ராக்டர். பிளானை அதில் திறந்து, ஸ்கேலைச் சொல்லிவிட்டு, ஓர் அறைக்குள் ஒரு கிளிக் செய்தால் போதும். பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்ததுபோல் சுவர் வரைக்கும் பச்சை பரவும். பக்கத்திலேயே இத்தனை சதுர அடி என்று எழுதிவிடும். ஒரே வாரத்தில் நான் அதில் புலி ஆகிவிட்டேன். அய்யனார் கோவில் அருவியில் எத்தனை சொட்டு விழுகிறது என்று கேளுங்கள், சொல்கிறேன். குரங்கு குடித்ததைக் கழித்தே சொல்கிறேன்.

அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் வீடு வந்தது. ஓனர் கௌதம்ராஜ். பழைய வீட்டைச் சித்திரையில் இடித்துவிட்டார். வாஸ்து மாறக் கூடாது, அதே அறைகள் அதே இடத்தில் வேண்டும் என்று பிளான் போட்டிருந்தார். எபனேசருக்கு அது முதல் பெரிய வேலை.

மத்தியானம் மகன் சாப்பிட வரும்போதுதான் லேப்டாப் என் கைக்கு வரும். மில் சங்கு ஊதி முடித்தது. முன்னறைக்குள் ஒரு கிளிக் செய்தேன்.

பச்சை பரவியது. நடுவில் ஒரு துண்டு மட்டும் வெள்ளையாக நின்றது.

தூண் இல்லை. அலமாரி இல்லை. பிளானில் அந்த இடத்தில் ஒரு கோடுகூட இல்லை. அளந்து பார்த்தேன். ஆறேகால் அடி நீளம், இரண்டரை அடி அகலம். அழித்துவிட்டு மறுபடி கிளிக் செய்தேன். பாறையைச் சுற்றிக்கொண்டு ஓடும் ஓடைத் தண்ணீர்போல், பச்சை அதைச் சுற்றிக்கொண்டு ஓடியது.

சாயங்காலம் எபனேசர் அதே பக்கத்தைத் திறந்தான். அறை முழுக்கப் பச்சை.

"எங்கப்பா வெள்ளை?"

"மத்தியானம் இருந்துச்சுலே!"

"மத்தியானம் இருந்தது இப்ப எங்க போவும்? காப்பி குடிக்கவா?"

அவன் சிரித்தான். ஆனால் அந்த வெள்ளைத் துண்டைக் கழித்து நான் அனுப்பிய டைல்ஸ் கணக்கு குறைந்துவிட்டதென்று கௌதம்ராஜ் போன் செய்தபோது சிரிப்பு நின்றது. ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "ஏங்க எபனேசர், பெரியவருக்கு வயசாயிட்டு. இன்னொரு தடவ இப்பிடி வந்துச்சு, நான் வேற ஆளைப் பாத்துக்கிடுவேன்."

ராத்திரி அடுப்படியில் மருமகள் ஷெரின் மெதுவாகப் பேசினாள். அவள் மெதுவாகப் பேசினால் செட்டியார்பட்டி வரைக்கும் கேட்கும். "மாமாவுக்கு ஞாபகம் தடுமாறுதுங்க. டாக்டர்ட்ட காட்டிருவோம். லேப்டாப்பை வாங்கி வச்சிருங்க."

புரிகிறதா? பையனின் வேலை ஒரு பக்கம். என் மண்டை சரியாக இருக்கிறதா என்பது இன்னொரு பக்கம். இரண்டுமே அந்த வெள்ளைத் துண்டில் தொங்கின.

மறுநாள் சங்கு ஊதியது. முன்னறையில் கிளிக். முழுப் பச்சை! ஒரு கும்மாளமே போட்டேன். அடுத்து ஹாலில் கிளிக் செய்தேன்.

முன்னறைக்கும் ஹாலுக்கும் நடுவே, கதவு வாசலில் அது நின்றது. சாய்வாக.

அப்போது மேலே ஒரு சத்தம்.

கிர்ர்ர்ர்ர்...

இரும்புக் காலைத் தரையில் வைத்து இழுக்கிற சத்தம். என் வீட்டுக்கு மாடி கிடையாது. மேலே வெறும் மொட்டைமாடி. படியேறிப் போனேன். வெயில் உள்ளங்காலைப் பிய்த்தது. ஆள் இல்லை, சாமான் இல்லை. ஷெரின் காயப்போட்ட மிளகாய் வற்றல்தான் தரை முழுக்கப் பரவிக் கிடந்தது.

வற்றலுக்கு நடுவில் இரண்டு கோடுகள் போயிருந்தன. நேராக. விலக்கிக்கொண்டு இழுத்த கோடுகள்.

தலையில் முடி இருந்திருந்தால் நின்றிருக்கும். எனக்கு இல்லாத முடியும் நின்றது.

கீழே வந்து திரையைப் பார்த்தபோது அந்தச் சாய்வு புரிந்துவிட்டது. கட்டிலைக் கதவு வழியாகக் கொண்டுபோகிறவன் அப்படித்தான் திருப்புவான்.

அடுத்த மத்தியானம் அது ஹாலில் கிடந்தது. அதற்கடுத்து சமையலறையில். இந்தத் தடவை எபனேசரின் சட்டையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். சாப்பிட்ட கையைக்கூட அவன் கழுவவில்லை.

"ஃபைல்ல ஏதோ ஒளிஞ்சிருக்குப்பா," என்றான். பிளான் வரைந்த இன்ஜினியரிடம் போனில் கேட்டுப் புது ஃபைல் வாங்கினான். திறந்தான். கிளிக் செய்தான்.

புது ஃபைலில் அது சமையலறையைத் தாண்டிப் பின்பக்கம் போயிருந்தது. ஓ.டி.எஸ்.ஸுக்குள். வெளிச்சத்துக்காக மேலே கூரை போடாமல் வானத்துக்குத் திறந்து விடுகிற இடம் அது. கூரைக் கணக்கில் அந்த இடத்தைக் கழித்துவிட வேண்டும்.

கூரைப் பக்கத்தைத் திறந்து கழித்தேன். காலியான அந்தச் சதுரத்துக்குள், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு துண்டு மட்டும் பச்சையாக நிரம்பியது.

ஆறேகால் அடி. இரண்டரை அடி.

அழித்தேன். வந்தது.

அழித்தேன். வந்தது...

எபனேசர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். "அப்பா, அந்தப் பழைய வீட்டுல கௌதம்ராஜோட அக்கா இருந்தாக. யோகேஸ்வரின்னு பேரு. இடுப்புக்குக் கீழ வெளங்காம வருஷக்கணக்கா படுக்கை. வீட்டை இடிக்கதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரியில போயிட்டாகன்னு சொன்னாரு."

எனக்கு நெஞ்சு அடித்த அடியில் மேஜை ஆடியது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குஷி. என்னை மறதிக்காரன் என்றீர்களே! கூரைதானே கேட்கிறாள், போட்டுக் கொடுத்துவிட்டால் போகிறது. 'ஓ.டி.எஸ். கூரை' என்று தனியாக ஒரு வரி சேர்த்து, பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பிவைத்தேன்.

மறுநாளே கௌதம்ராஜ் காரில் வந்து இறங்கினார். கையில் என் எஸ்டிமேட் கசங்கியிருந்தது.

"ஓ.டி.எஸ்.ஸுக்குப் போயி எவன்யா கூரை கேட்டான்?"

"கேட்டாகளே தம்பி."

"யாரு?"

"உக்காருங்க. செத்த நேரத்துல சங்கு ஊதிரும்."

"என்ன பெரியவரே, வெளையாடுதீகளா?"

"வெளையாடுத வயசுதான எனக்கு. உக்காருங்க."

என் நாற்காலியிலேயே அவரை உட்கார வைத்தேன். மவுஸை அவர் கையிலேயே கொடுத்தேன். எபனேசர் சுவரோடு ஒட்டி நின்றான். ஷெரின் கரண்டியும் கையுமாக வாசலில் நின்றாள்.

சங்கு ஊதியது.

"முன்னறையில கிளிக் பண்ணுங்க."

பண்ணினார். வெள்ளைத் துண்டு முன்னறையில் கிடந்தது. திரும்பவும் முதலிலிருந்து!

"கம்ப்யூட்டர் கோளாறு," என்றார்.

கிர்ர்ர்ர்ர்...

"மேல யாரு?"

"மேல ஒண்ணும் இல்ல தம்பி. வெறும் வானம்தான். ஹால்ல கிளிக் பண்ணுங்க."

ஹாலில் இருந்தது. கிர்ர்ர்ர்... சமையலறையில் இருந்தது. நாளுக்கு ஓர் அறை என்று எங்களுக்குக் காட்டியதை, அவருக்கு ஒரே மூச்சில் காட்டியது. அவர் வாய் மட்டும் கோளாறு, கோளாறு என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கழுத்தில் வேர்வை ஓடியது. பிழிந்தால் இரண்டு குடம் தேறும்.

"கடைசியா ஓ.டி.எஸ்.," என்றேன்.

அவர் கிளிக் செய்யவில்லை.

வெள்ளைத் துண்டு தானாகவே வந்தது.

மேலே இழுக்கிற சத்தம் நின்றது.

ஃபேனும் நின்றது.

பொறவு...

டங்... டங்... டங்...

இரும்பில் எவர்சில்வர் டம்ளரைத் தட்டுகிற சத்தம். மெலிதாக. பொறுமையாக.

டங்... டங்...

கௌதம்ராஜ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. தோளுக்குப் பின்னால் யாரோ கிடப்பதுபோல் சள்ளென்று கத்தினார்:

"இரு, அக்கா! வாரேன்ல? சும்மா தட்டிக்கிட்டே கெடக்காத!"



"யாருக்குத் தம்பி பதில் சொன்னீக?" என்றேன்.

அவர் கை மவுஸிலிருந்து நழுவியது.

"இடிக்க ஆள் கெடைச்சிட்டாங்க... தள்ளிப்போட முடியல. ஒரு ரூமை இடிக்க இடிக்க, அடுத்த ரூமுக்குக் கட்டிலை இழுத்தோம். கடைசில பின்கட்டு. அங்கயும் ஓடு பிரிச்சாச்சு. ஒரு மத்தியானம்தானன்னு வெயில்லயே போட்டு..."

"ஆஸ்பத்திரின்னு சொன்னீக?" என்றான் எபனேசர்.

"தூக்கிட்டுப் போகும்போதே உசிரு இல்ல. முதுகெல்லாம் கட்டில் கம்பி சுட்ட கோடு." எச்சில் விழுங்கினார். "தண்ணி வேணும்னா டம்ளரை வச்சுத் தட்டுவா. இடிக்கிற மிஷின் சத்தத்துல எனக்குக் கேக்கலன்னுதான் எல்லார்ட்டயும் சொன்னேன்."

டங்...

ஷெரின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

டங்...

"கேட்டுச்சு," என்றார் கௌதம்ராஜ். "நல்லாக் கேட்டுச்சு."