ஸ்கேனரில் கொட்டிய உப்பு

2005-ஆம் வருடம், மே மாதம். மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். டிகிரி முடித்த கையோடு சேர்ந்த வேலை. கல்யாணப் பத்திரிகை டைப் செய்வது, ஜெராக்ஸ் எடுப்பது, கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் படம் வெட்டுவது என்று பொழுது போகும். கூட்டமில்லாத மதியங்களில் ஒரு தமிழ் இணைய மன்றமே கதி என்று கிடப்பேன்.

அந்தக் காலத்து மன்றங்களைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே யார் எதை எழுதினாலும் அதன் அடியில் அவருடைய ‘சிக்னேச்சர்’ ஒட்டிக்கொண்டு வரும். ஒரு சின்னப் பட்டைப் படம், அதில் அவர் புனைபெயர், பின்னால் ஏதாவது அலங்காரம். நாலு வரி எழுதுவதற்கு நாலு நாள் சிக்னேச்சர் செய்கிறவர்கள் எல்லாம் இருந்தார்கள். எழுத்தை எப்படி மினுக்குவது, முப்பது கேபிக்குள் படத்தை எப்படி அடக்குவது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க ஒரு தனிப் பகுதியே உண்டு. போட்டோஷாப்பில் பத்திரிகைக்கு மேல் எதுவும் தெரியாத நான் அங்கேதான் தொழில் கற்றேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேனே தவிர, என்னுடையது எதையும் கொடுக்கவில்லை. என் புத்தி அப்படி.

கொடுப்பதற்கு என்னிடம் ஒன்று இருந்தது. என் சிக்னேச்சர்களில் கறுப்பு வானத்தில் நட்சத்திரம் இறைந்ததுபோல் ஒரு மினுமினுப்பு இருக்கும். மாதப் போட்டியில் இரண்டு முறை அதற்காகவே ஜெயித்தேன். அந்த நட்சத்திரம் எங்கே கிடைத்தது என்று துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கேட்பார்கள். ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டு நழுவிவிடுவேன். உண்மையில் அது ஸ்கேனரில் தூவிப் படமெடுத்த உப்பு. எங்கள் அம்மா கூலிக்கு வேலை செய்யும் உப்பளத்து உப்பு. எங்கள் ஊரில் யாரிடம் காட்டினாலும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். மன்றத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

கருமித்தனம் மட்டும் காரணமில்லை. மன்றத்தில் என் ஊர் பாண்டிச்சேரி என்று போட்டிருந்தேன். அம்மா டீச்சர் என்று ஒருமுறை அடித்தும் விட்டிருந்தேன். உப்பு என்று வாயைத் திறந்தால் எந்த உப்பு, யார் உப்பு என்று பேச்சு வளரும். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்த வெட்கத்துக்காகத்தான் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது முறை போட்டிக்குப் படம் போட்டேன். மன்றத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர், எல்லோருக்கும் பாடம் எடுப்பவர், பட்டென்று எழுதிவிட்டார். இந்த நட்சத்திரங்கள் ஏதோ வெளிநாட்டுத் தளத்தில் திருடியவை என்றார். ஆளாளுக்கு ஆமாம் போட்டார்கள். நான் வாயே திறக்காதது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. கடைசியில் மன்ற நிர்வாகி கெடு வைத்தார். ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் படத்தின் ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியாக இருக்கும், லேயர் பிரித்த மூலக் கோப்பைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் இரண்டு வெற்றியும் ரத்து, என் பெயரும் நீக்கம்.

மூலக் கோப்புக்கு நான் எங்கே போவேன்? எங்கள் கடையில் வைரஸ் தொல்லையால் அடிக்கடி எல்லாவற்றையும் அழித்துக் கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்வார்கள். என்னிடம் இருந்தது ஒரே ஒரு ஃப்ளாப்பி. அதில் லேயர் கோப்பு அடங்காது, முடிந்த படம் மட்டும்தான் அடங்கும். திருடி என்ற பெயரோடு வெளியே போக வேண்டும், அல்லது எல்லோர் முன்னாலும் மறுபடி செய்து காட்ட வேண்டும்.

ஞாயிறு காலை உப்பளத்துக்கே போனேன். விஷயத்தைச் சொன்னதும் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அங்கே இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுவிட்டார். “ஏம்மா, இங்க வாங்க! நம்ம உப்பு கம்ப்யூட்டர்ல போவுதாம்!” பத்துப் பேர் சுற்றி நின்று, கல் உப்பு வேண்டுமா பொடி வேண்டுமா என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நான் மறைத்து வைத்திருந்த ஒன்றுக்கு அவர்கள் இவ்வளவு சந்தோஷப்பட்டது எனக்குச் சுருக்கென்றது.

கடையில் இன்னொரு தடை. முன்பு ஒருமுறை ஸ்கேனரில் உப்பு ஈரம் கோத்துக்கொண்டதிலிருந்து முதலாளி அண்ணன் அதற்குத் தடை போட்டிருந்தார். பொட்டலத்தைப் பார்த்ததும், “இன்னாம்மா, மறுபடியும் ஸ்கேனர்ல சமையலா?” என்றார். நான் அழுதுவிட்டேன். அழுகையோடு முழுக் கதையையும் கேட்டவர், “யார்றா அவன், நம்ம கடைப் பொண்ணத் திருடின்னு சொல்றது? போடும்மா உப்ப!” என்று அவரே கறுப்புத் துணியை எடுத்துக்கொண்டு வந்தார்.

ஸ்கேனர் கண்ணாடிமேல் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, உப்பைத் தூவி, மூடியைத் திறந்தே வைத்து, மேலே துணியைக் கூடாரம்போல் பிடித்தோம். படம் வந்தது. நட்சத்திரம் நட்சத்திரமாக அழகாகத்தான் இருந்தது. ஆனால் இதையும் எங்கோ எடுத்தது என்று சொன்னால் என்ன செய்வது? மணி நாலரை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. உப்பை நெருக்கமாகப் பரப்பி, என்னைத் திருடி என்றவரின் புனைபெயரை அதில் விரலால் எழுதினேன். கீழே அன்றைய தேதி. எந்த வெளிநாட்டுத் தளத்தில் இது கிடைக்கும் என்று பார்ப்போம்! ஸ்கேனர் அடியிலிருந்து பார்ப்பதால் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி விழுந்தது. அதைத் திருப்பிப் போடும் கட்டத்தையும் விடாமல் படமாக எடுத்தேன். துணி பிடிப்பதிலிருந்து, போட்டோஷாப்பின் ‘ஸ்க்ரீன்’ மோடில் கறுப்பை மறைத்து மினுமினுப்பை மட்டும் நிறுத்துவது வரை ஒவ்வொரு படியாக எழுதினேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘என் ஊர் பாண்டிச்சேரி இல்லை, மரக்காணம். என் அம்மா டீச்சர் இல்லை, உப்பளத் தொழிலாளி. இது அவர் வாரிய உப்பு.’

படங்கள் ஏறி முடிகிறவரை அண்ணன் டெலிபோன் பக்கத்தில் காவலுக்கு நின்றார். போனுக்கும் இன்டர்நெட்டுக்கும் ஒரே லைன், யாராவது ரிசீவரை எடுத்தால் இன்டர்நெட் அறுந்துவிடும். “எவனும் போனத் தொடாதீங்கப்பா!” என்று கடையில் எஸ்டிடி போட்டு வெளியூருக்குப் பேச வந்தவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசிப் படமும் ஏறியது.

முதலில் பதில் போட்டவர் அந்த மூத்த உறுப்பினரேதான். ‘என் பெயரை இவ்வளவு அழகாக யாரும் எழுதியதில்லை. மன்னித்துவிடு தங்கச்சி’ என்று எழுதியிருந்தார். அண்ணன் அதைச் சத்தமாக வாசிக்க, கடையில் இருந்தவர்கள் எதற்கென்றே தெரியாமல் கை தட்டினார்கள். அந்த மாதப் போட்டியிலும் நானே ஜெயித்தேன்.

அதைவிடப் பெரிய கொண்டாட்டம் அடுத்த மாதப் போட்டி. துபாய்க்காரர் டேபிள் சால்ட்டில் பனி பெய்ய வைத்தார். சிங்கப்பூர்க்காரர் சர்க்கரையைத் தூவினார். மஸ்கட்டில் இருந்த ஒரு அக்கா ரவையைப் போட்டு என்னைத் தோற்கடித்தே விட்டார். எனக்கு மூன்றாவது இடம். ஜெயித்த மூன்று முறையும் நான் அப்படிச் சிரித்ததில்லை.

இருபது வருடமாக டிசைன் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. இதை எப்படிச் செய்தாய் என்று யார் கேட்டாலும் முதல் படியிலிருந்து சொல்லிக்கொடுத்துவிடுகிறேன், ஏனென்றால் ஒளித்து வைத்திருந்த நாளெல்லாம் அந்த வேலையை என்னுடையது என்று தலை நிமிர்ந்து சொல்ல என்னாலேயே முடியவில்லை.