பத்துப் பூ

"பிரேக்... பிரேக்... ம், விடு. மெதுவா. பாத்துப் போ."

கற்றுக்கொள்கிறவர் பிரேக்கைத் தேடுவதற்குள் மாஸ்டர் மிதித்துவிட்டார். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. பாதி ஆயுளை அதன்மேல் காலை வைத்தபடியே கழித்தவர் என்பதால், அந்தக் கால் வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருப்பதில்லை. மனைவி சுடச்சுட ஒரு பாத்திரத்தைக் கொஞ்சம் வேகமாகத் தூக்கினால் போதும், சாப்பாட்டு மேசைக்கு அடியில் தரையை ஓங்கி மிதிக்கும். "தரை பேந்துக்கிட்டு வரப் போகுது" என்பார் மனைவி.

பேசத்தான் அவருக்கு வராது. வராது என்றால், நிறையப் பேசுவார், யாருக்கும் புரியாது. சிகரெட்டை விட்டதிலிருந்து கன்னத்தில் எப்போதும் ஒரு கிராம்பு. அதை ஒதுக்கிக்கொண்டு, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், வாயின் ஓரத்தால் பேசுவார். சொல் பாதி வெளியே வரும், மீதி கிராம்போடு சேர்ந்து மென்று விழுங்கப்படும். புதிதாகச் சேர்ந்தவர்கள் "என்ன சார்? என்ன சார்?" என்றே முதல் வாரத்தை ஓட்டுவார்கள். ஒன்றை மட்டும் கிராம்பைத் தாண்டி எல்லாருக்கும் கேட்கும்படிச் சொல்வார்: "ஸ்டியரிங்க விட்டு ரெண்டு கையையும் எடுக்காதே! சிக்னல்ல நின்னாலும் எடுக்காதே! வண்டிய நம்பவே நம்பாதே!"

அந்த முகத்துக்கு ஒரு மீசை இருந்தால் எடுப்பாக இருக்கும். இருந்தது. மகளுக்குச் சின்ன வயதில் ஒரு காய்ச்சல் வந்து காது போனது. மிஷின் மாட்டினால் சத்தம் என்று தெரியும், சொல் என்னவென்று தெரியாது. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கப் பள்ளியில் பழக்கினார்கள். அப்பாவின் மேலுதடு தெரியவில்லை என்று அவள் டீச்சரிடம் குறைபட்டுக்கொண்டாள். அன்று சாயங்காலமே மீசை போயிற்று. கேட்கிறவர்களிடம், "வெயிலுக்கு அரிக்குது" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உலகத்தில் அவர் பேச்சை ஒரு சொல் விடாமல் பிடித்தவள் அந்தப் பெண்தான். ஓட்டும்போது மகள் பக்கம் முகத்தைத் திருப்ப முடியாது. அதனால் அப்பாவும் மகளும் காரில் போனால் பேச்செல்லாம் சிவப்பு விளக்கில்தான். விளக்கு சிவந்ததும் ஒரு கை ஸ்டியரிங்கில் இருக்க, அவள் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். பச்சை விழுந்தால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு அடுத்த சிக்னலில் முடிப்பார். ஊரில் எல்லாரும் சபிக்கிற சிக்னல்கள் அவருக்கு மட்டும் போதவில்லை.

டாக்டர், கடைக்காரர், தெருவில் வழி கேட்கிறவர் என்று யார் எதிரே வந்தாலும் அவளுக்குப் பதிலாக இவர் முந்திக்கொண்டு பேசிவிடுவார். பிரேக்கைப் போலத்தான் இதுவும்.

அவளுக்கு வெளியூரில் கல்லூரி கிடைத்தது. விடுதியில் தங்க வேண்டும். காது, கண், கை, கால் என்று ஏதாவது ஒன்றில் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கென்றே அங்கே ஓர் அறையும் அதற்கு ஒரு மேடமும் உண்டு. சேருவதற்கு முன்பே பழகிக்கொள்ளச் சொல்லி அந்த மேடம் சில ஆப்களை அனுப்பியிருந்தார். யாராவது கதவைத் தட்டினால் போனில் விளக்கு மின்னும். காலையில் தலையணைக்கு அடியில் போன் உதறும். முக்கியமானது மூன்றாவது. விரிவுரையாளர் சட்டையில் ஒரு சின்ன மைக்கை மாட்டிக்கொண்டு பேசப் பேச, அவள் போனில் எழுத்தாக ஓடும். விடுதியிலிருந்து வீட்டுக்குப் பேசும்போதும் அதே ஆப்தான்.

மாஸ்டர் ஒவ்வொன்றையும் லைசென்ஸ் டெஸ்ட் வைப்பதைப் போலச் சோதித்தார். அவர் கதவைத் தட்டிய தட்டில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது ஆப்பில் மனைவி முதலில் பேசினார். கண் ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை பார்க்கிறவர், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி வைத்துப் பேசிப் பழகியவர். கணவரைத் திட்டியதைக்கூட அது ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதியது.

அடுத்து மாஸ்டர். "வந்துட்டேன்" என்றார். 'வண்டு தேன்' என்று வந்தது. "சாப்டியா?" என்றார். 'சாட்டையா' என்று கேட்டது. "கெளம்பிட்டியா?" என்றதற்கு 'கிளி பெட்டியா' என்றது. ஒவ்வொரு பேச்சின் கடைசியிலும் அவர் எல்லாரிடமும் சொல்லும் "பாத்துப் போ"வைச் சொன்னார். கொஞ்சம் யோசித்துவிட்டு ஆப் எழுதியது: 'பத்துப் பூ.'

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மாஸ்டர் கிராம்பைத் துப்பிவிட்டு வந்து மறுபடி சொன்னார். மறுபடியும் பத்துப் பூ.

"வேணும்னே முழுங்குறீங்க" என்றார் மனைவி. "அவ போகக் கூடாதுன்னு."

"போகட்டும்னுதான் பீஸ் கட்டிட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் வாசலுக்குப் போய்விட்டார். மனசு கேட்கவில்லை. போனில் முகம் பார்த்துப் பேசலாம் என்றால், அது பாதியில் உறைந்து நிற்கும், உதடு தெரியாது. இந்த ஆப்புக்கும் தன் பேச்சு புரியாவிட்டால், "அப்பா இப்படிச் சொல்றாரு" என்று மனைவிதான் நடுவில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். மகளுக்கும் ஊருக்கும் நடுவில் நின்று பேசியவருக்கு, மகளோடு பேச நடுவில் ஒரு ஆள்.

அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அச்சில் இருக்கும் தமிழ்தான் அந்த ஆப்புக்குப் புரிகிறது. அப்படியானால் அச்சில் இருப்பது போலவே பேசிவிட்டால் ஆயிற்று. பேப்பரை உரக்கப் படித்துப் பழகினார். கண்ணாடி முன்னால் பழகினார். பயிற்சிக் காரிலும் விடவில்லை. "அடுத்த சந்திப்பில் தாங்கள் வலப்புறம் திரும்புங்கள்" என்றதும், ஓட்டிக்கொண்டிருந்த துணிக்கடைக்காரர் பயந்து வண்டியை நடுரோட்டில் ஆஃப் செய்துவிட்டார். "என் மேல ஏதாவது கோவமா, மாஸ்டர்?" என்று கேட்டார்.

மகள் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒத்திகை. மகள் உள்ளறையில் போனோடு, இவர் கூடத்தில் போனோடு. வாயில் கிராம்பு இல்லை. மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். பேசி முடித்ததும் கதவு திறந்தது. மகள் போனைப் பார்த்து வாசித்துக்கொண்டே வந்தாள். ஏற்ற இறக்கம் அவ்வளவாக இல்லாத, வீட்டுக்குப் பழகிய குரல்.

"'மகளே, நீ உணவு உண்டுவிட்டாயா? உன் உடல்நலத்தைப் பேணிக்கொள். கவனமாகச் செல்.' யாருப்பா இது?"

"நான்தான். ஒரு எழுத்துகூடத் தப்பில்ல பாரு."

"தப்பில்ல. ஆனா எங்க ஸ்கூல் பிரின்சிபால்தான் பேசுறாரு. உன்னைக் காணோம்."

"உனக்குப் புரியணுமே, பாப்பா!"

"வண்டு தேன்னா வந்துட்டேன். சாட்டையான்னா சாப்டியா. உன் வாய் எனக்குத் தெரியும்ப்பா. அது என்ன தப்பா எழுதினாலும் நீ என்ன சொல்லியிருப்பன்னு எனக்குத் தெரியும். பேசுற மாதிரியே பேசு."

அவள் அதோடு நிறுத்தவில்லை. "நாளைக்கு அம்மா மட்டும் என்கூட வரட்டும். நீ வந்தா எனக்கு முன்னாடி நீயே எல்லாருக்கும் பதில் சொல்லிடுவ."

சுருக்கென்றது. உண்மைதான் என்பதால் கூடுதலாகவே சுருக்கென்றது. பயிற்சி முடிகிற நாளில், பிரேக்கிலிருந்து காலை எடுத்து வண்டிக்கு வெளியே வைத்துக்கொண்டு, "இனிமே நீங்களே ஓட்டுங்க" என்று எத்தனையோ பேரிடம் சொன்னவர்தான். அவர்களெல்லாம் யார் வீட்டுப் பிள்ளைகளோ. அவர் ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "சரி" என்றார்.

மறுநாள் காலை பஸ் நிலையத்தில் பெட்டிகளை ஏற்றினார். மகள் டிரைவரிடம் ஏதோ கேட்டு, போனை நீட்டி, வந்த எழுத்தைப் படித்துத் தலையாட்டினாள். மாஸ்டர் ஒரு அடி முன்னால் வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். பஸ் கிளம்பும்வரை நிற்கத் தைரியம் இல்லை. துணிக்கடைக்காரர் காத்திருப்பார் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் காரை எடுத்தார்.

பெரிய முச்சந்தியில் விளக்கு சிவந்தது. பழக்கதோஷத்தில் பக்கத்து இருக்கையைப் பார்த்துத் திரும்பினார். அந்தப் பக்கம், காரை ஒட்டி, பெரிதாக ஒரு பஸ் வந்து நின்றது. மேலே ஜன்னலோரம் மகள். கண்ணாடி மூடியிருந்தது. அவளும் பார்த்துவிட்டாள். மாஸ்டர் குனிந்து, அண்ணாந்து, "பாத்துப் போ" என்றார். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். காருக்குள் இருட்டு. உதடு தெரியவில்லை.

அப்போது மாஸ்டர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்தார். எடுத்து, காரின் முன்கண்ணாடிக்கு நேராக வெயிலில் தூக்கி, பத்து விரலையும் பூவாக விரித்தார்.

மேலே மகள் சிரித்தது பலமாகத்தான் இருந்திருக்க வேண்டும், அவள் அம்மா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். விளக்கு பச்சையானது. பஸ் நகர்ந்தது. பின்னாலிருந்த வண்டிகளெல்லாம் ஹார்ன் அடிக்கத் தொடங்கின. கால் மட்டும் பிரேக்கில் இருக்க, மாஸ்டரின் இரண்டு கைகளும் இன்னும் மேலேயே இருந்தன.