வண்டி நம்பருக்கு நாலு இட்லி

அம்மா செத்து நாலு மாதம் ஆகியிருந்தது. திருவொற்றியூரில், துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் வரிசையாக நிற்கும் சாலையோரத்தில், அம்மாவின் இட்லிக் கடையை நான் நடத்தினேன். நடத்தினேன் என்பது கொஞ்சம் அதிகம். மாவு ஆட்டினேன், இட்லி ஊற்றினேன், பாதியைச் சாயங்காலம் மாடுகளுக்குப் போட்டேன். எங்கள் தெரு மாடுகள் அப்போது நன்றாகச் சதை போட்டன.

அம்மாவின் தங்கை, என் சித்தி, எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை தைப்பவள். அவள் கெடு வைத்துவிட்டாள்.

"பொங்க வரிக்கும் பாரு. அப்பால அடுப்ப வித்துட்டு என்னோட கம்பெனிக்கு வா. ஃபேன் கீது, பஸ்சு கீது, இன்னா வோணும் உனுக்கு?"

எனக்கு அந்த அடுப்படி வேண்டும். அங்கே நின்றால்தான் எனக்கு மூச்சே வந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தலையாட்டினேன்.

ராயபுரத்தில் ஒரு சர்ச் ஹாலில் சின்னத் தொழில் செய்கிற பெண்களுக்குப் பத்து நாள் வகுப்பு நடந்தது. மதியச் சாப்பாடு உண்டு என்றார்கள், போனேன். முடிந்ததும் ஆளுக்கு ஒரு ஆலோசகரைக் கொடுத்தார்கள். வாரம் ஒருமுறை கடைக்கே வந்து திட்டம் போட உதவுவாராம். எனக்கு வாய்த்தவர் அப்போதுதான் காலேஜ் முடித்த ஒரு அக்கா. என்னைவிட மூன்று வயது பெரியவர் இருப்பார். ஸ்கூட்டரில் வந்தார். கையில் ஒரு ஃபைல்.

"உன் வாடிக்கையாளர் யாரு?"

"பசிச்சவங்கோ."

சிரிக்காமல் அப்படியே எழுதிக்கொண்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

உட்கார இடம் இருந்தால் டிரைவர்கள் வருவார்கள் என்று முதல் திட்டம். இரண்டு பெஞ்ச் போட்டோம். பக்கத்து டயர் கடைக்காரர் வந்து உட்கார்ந்து பேப்பர் படித்தார். இன்னொரு பெஞ்சில் ஒரு கிழட்டு நாய் படுத்தது. இரண்டு பேருமே இட்லி கேட்கவில்லை.

"லாரிக்காரங்க ஏன் இறங்கி வர்றதில்ல? போய்க் கேளேன்" என்றார் அக்கா.

"மாட்டேன்."

"ஏன்?"

"மாட்டேன்னா வுடுக்கா."

அவர் விடவில்லை. அதையே மறுபடி கேட்டார். இட்லித் துணியை உரித்துக்கொண்டே நான் அழுதுவிட்டேன். அந்த டிரைவர்கள் ஆந்திராவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர்கள். எப்போதாவது இறங்கி வருகிற ஒவ்வொருவரும் "அம்மா எங்க?" என்பார். நான் சொல்ல வேண்டும். அடுத்த நாள் வேறொருவர் வருவார். நாலு மாதமாக என் அம்மா வாரத்துக்கு மூன்று தடவை செத்துக்கொண்டிருந்தாள். வரிசையில் நடந்து போனால் வண்டிக்கு வண்டி சாவாள்.

அக்கா ஃபைலை மூடினார். "நானும் வரேன். உன்னால முடியலன்னா நான் சொல்றேன்."

முதல் வண்டி நெல்லூர்க்காரருடையது. மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "அம்மா எக்கட?" என்றார். அக்கா வாயைத் திறப்பதற்குள் நானே சொல்லிவிட்டேன். அவர் தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்தார். பிறகு அரைத் தமிழில், "நாலாவது தடவை சட்னி கேட்டேன். கரண்டியால கையில ஒண்ணு வச்சா" என்று சிரித்தார். அடுத்த வண்டிக்காரருக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாளாம். என்னிடம் அவள் சொன்னதே இல்லை. அன்றைக்கு எனக்குத் தெரியாத அம்மா வண்டிக்கு வண்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தாள்.

அவர்கள் இறங்காததற்குக் காரணமும் தெரிந்தது. "இப்பல்லாம் கிளீனர் கிடையாதும்மா, நான் ஒத்த ஆளு. இறங்கினா லைன் நவுந்துடும், பின்னாடி இருக்கறவன் பூந்துடுவான்."

அப்படியென்றால் சாப்பாடுதான் வண்டிக்குப் போக வேண்டும். மறுநாளே ஆரம்பித்தோம். அக்கா ஒவ்வொரு ஆர்டரையும் லாரி நிற்கிற இடத்தின் விளக்குக் கம்ப நம்பரோடு அழகாக எழுதினார். நாங்கள் பொட்டலம் கட்டி எடுத்துப் போவதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. ஏழாம் கம்பத்தில் இருந்த யாரோ ஒருவர் கேட்காத தோசையைச் சந்தோஷமாக வாங்கித் தின்றார். கேட்டவர் பத்தாம் கம்பத்திலிருந்து ஹாரன் அடித்தார்.

"ஏம்மா, என் தோசைய எவனோ துன்னுட்டு கீறாம்மா!"

"அக்கா, போஸ்ட்டு நவுராது, வண்டிதான் நவுரும். வண்டி நம்பர எய்துக்கா" என்றேன்.

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஆறாவது படிச்ச உனக்குத் தெரியுது, எனக்கு நாலு வருஷம் காலேஜ்ல இத யாரும் சொல்லல."

ஆனால் அடுத்ததைக் கண்டுபிடித்தது அவர்தான். வரிசையின் வாலிலிருந்து ஆர்டர் எடுக்கச் சொன்னார். தலையில் நிற்கிறவர் இட்லி வேகும் முன் துறைமுகத்துக்குள் போய்விடுவார். வாலில் நிற்கிறவர் எங்கும் போக மாட்டார். அதன்பிறகு மாடுகள் இளைத்தன.

பொங்கல் முடிந்த திங்கட்கிழமை சித்தி என்னைக் கம்பெனி பஸ்ஸில் கூட்டிப்போக வந்தாள். நான் லாரி வரிசையில் ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தேன். ஓடி வந்து பார்த்தால், கடையில் அக்கா சட்னிப் பொட்டலம் கட்டத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார். சித்தி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரைத் தள்ளினாள்.

"நவுரும்மா. இப்டி கட்னா வண்டிக்கு போறதுக்குள்ள மொத்தமும் ஒயுகிப்பூடும். படிச்ச பொண்ணுதானே நீயி?"

மெயின் ரோட்டில் கம்பெனி பஸ் எங்களைத் தாண்டிப் போனது. "சித்தி, உன் பஸ்சு" என்றேன்.

"போனா போவுது. இந்த ஆந்திரா வண்டிக்குக் கார சட்னி ஒண்ணா ரெண்டா? வாயத் தொறந்து சொல்லுடி!"