ரெண்டு ரோச்சுக்கு ஒரு வாரண்டு

புன்னைக்காயலில் போய் ரோச் பர்னாந்து வீடு எது என்று கேட்டால், எந்த ரோச் என்று திருப்பிக் கேட்பார்கள். மிக்கேல் மகன் ரோச் என்று சொன்னாலும் விடமாட்டார்கள். எந்த மிக்கேல் என்பார்கள். புனிதர்களின் பெயர் கொஞ்சம், பிள்ளைகள் அதிகம், ஊர் என்ன செய்யும்? அதனால் ஒருவனைக் கட்டை ரோச் என்றும் இன்னொருவனை நெட்டை ரோச் என்றும் பிரித்து வைத்திருந்தது. ஊருக்குத் தெரிந்த இந்தப் பிரிவினை போலீசுக்குத் தெரியாமல் போனதால் வந்த வினை இது. வினையில் மாட்டியவன் கட்டை ரோச்.

கட்டை ரோச்சை நல்லவன் என்று யாரும் சொல்ல வேண்டாம்; அவனே சொல்லிக்கொள்ள மாட்டான். உழைப்பாளி. கிளைட்டனோடு பங்கு சேர்ந்து ஒரு பைபர் போட் வைத்திருந்தான். குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான், பெண்டாட்டி ரீனாவை ஒரு நாள் கைநீட்டி அடித்ததில்லை. ஆனால் மறதி என்ற ஒன்று மட்டும் அவனுக்குக் கிடையவே கிடையாது. நெட்டை ரோச் செய்ததை அவன் மறக்கவில்லை. செத்து மண்ணுக்குள் போனாலும் மறக்க மாட்டான்.

நெட்டையன் செய்தது இதுதான். இருவரும் மீசை முளைத்த வயதில் கப்பல் வேலைக்கு வேண்டிய சிடிசி புத்தகம் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கட்டையனின் தாய்மாமன் ஒருவர் பம்பாயில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கப்பலில் ஒரே ஒரு இடம் வாங்கினார். மிக்கேல் மகன் ரோச்சைக் கூட்டி வா என்று ஏஜென்ட் ஆள் அனுப்பினான். அந்த ஆள் கடற்கரைக்கு வந்து ரோச் பர்னாந்து யார் என்று கேட்ட நேரம், கட்டையன் நடுக்கடலில் நண்டு வலை வலித்துக்கொண்டிருந்தான். மணலில் சீட்டாடிக்கொண்டிருந்த நெட்டையன் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, "நான்தான்" என்றான். கட்டையன் கரை சேர்ந்தபோது நெட்டையன் ரயிலேறிவிட்டான். மாமன் அந்தக் கோபத்திலேயே பேச்சை விட்டார். வேறு கப்பல் வரவேயில்லை.

அதோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும். நெட்டையன் ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்து, கடற்கரையில் உட்கார்ந்து, ஃபாரின் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே கதையாகச் சொல்வான். "ஒத்த வார்த்தை மக்கா. நான்தான்னு சொன்னேன். ஒலகத்தையே சுத்திட்டேன்லா." ஓசிச் சரக்குக்கு உட்கார்ந்தவர்கள் சிரிக்காமல் இருப்பார்களா? கட்டையன் தலை நிமிராமல் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருப்பான். "கோவமாலே கட்ட?" என்று இவன் முதுகில் வேறு தட்டுவான், பாவி.

அப்படியிருக்கும்போது ஒரு நாள் காலையில், மீன் ஏலம் நடந்துகொண்டிருக்கையில், போலீஸ் ஜீப் வந்து நின்றது. ஏட்டு ஜாபேஸ் இறங்கினார். அவர் ஸ்டேஷனுக்குப் புதியவர்.

"இங்க ரோச் பர்னாந்து யாருலே?"

ஏலக்காரர் கட்டையனைக் கைகாட்டினார்.

"அப்பன் பேரு மிக்கேலா?"

"ஆமா ஏட்டையா."

"ஏறு வண்டியில. ஒம்மேல வாரண்டு இருக்கு."

"எனக்கு எதுக்கு வாரண்டு? நான் என்ன செஞ்சேன்?"

கிளைட்டன் ஓடி வந்தான். "ஏட்டையா, எங்க ஊருல ரெண்டு ரோச் உண்டும்."

"ரெண்டு இருந்தா என்ன, பத்து இருந்தா என்ன? எனக்கு ஒருத்தன் வேணும்" என்றார் ஏட்டு.

ஜீப்பில் கட்டையன் மாதா மேல் சத்தியம் செய்தான், பெற்ற மகள் மேல் சத்தியம் செய்தான். சகிக்க முடியாமல் ஏட்டு வாரண்டைப் பிரித்து வழக்கைச் சொன்னார். தூத்துக்குடியில் ஒரு பாரில் குடித்துவிட்டுக் கண்ணாடியை உடைத்து, சப்ளையரைக் கெட்ட வார்த்தை சொல்லித் தள்ளிவிட்டிருக்கிறான். ஸ்டேஷனிலேயே ஜாமீன் கொடுத்து அனுப்பினார்கள். அதன் பிறகு கோர்ட் பக்கமே தலைகாட்டவில்லை.

கட்டையனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அந்தக் கண்ணாடிக் கதையையும் நெட்டையன் கடற்கரையில் சொல்லிச் சிரித்திருக்கிறானே! கேஸ் போட்ட கையோடு கப்பலேறிப் போய்விட்டான். இப்போது விடுமுறையில் வந்து, மாடியில் ஏசி போட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறான்.

"அது நெட்டை..." என்று வாய் திறந்தவன், வந்த பெயரை அப்படியே விழுங்கினான்.

காரணம் இருந்தது. நெட்டையனுக்கு மறுபடி கப்பல் வந்திருந்தது. கம்பெனி கேட்ட போலீஸ் சர்டிபிகேட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த நேரம் பார்த்து, மிக்கேல் மகன் ரோச் குடிகாரன், குற்றவாளி என்று கோர்ட்டே தீர்ப்பு எழுதிவிட்டால்? எந்தப் போலீஸ் சர்டிபிகேட் கொடுக்கும்? எந்தக் கப்பல் ஏற்றும்? கட்டையனுக்கு நெஞ்சுக்குள் யாரோ பட்டாசு கொளுத்திப் போட்ட மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு அவன் சத்தியம் எதுவும் செய்யவில்லை. ஏட்டுக்கே ஆச்சரியம்.

கிளைட்டன் போன் போட்டுச் சொல்ல, ரீனா ஆதார் கார்டையும் ரேஷன் கார்டையும் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கே வந்துவிட்டாள். புருஷன் வராந்தாவில் போலீஸ்காரர் பக்கத்தில் சாவகாசமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாயில என்ன கொழுக்கட்டையா? அந்தக் குடிகாரப் பய நான் இல்லன்னு சொல்ல வேண்டியதுதான?"

"மெல்லப் பேசுளா" என்று அவளைப் பக்கத்தில் இழுத்து, தன் திட்டத்தைக் காதோடு சொன்னான்.

ரீனா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "மாதாவே! தன் மூக்கு அறுந்தாலும் எதிராளிக்குச் சகுனத்தடை ஆகணும்னு நிக்கியளே. ஒரு பொம்பளப் புள்ளையப் பெத்து வச்சிருக்கியங்கிற நெனப்பு இருக்கா? நாளைக்கு நாலு பேரு என்ன சொல்லுவான்?"

"நான் குடிக்க மாட்டேன்னு ஊருக்கே தெரியும். பேரு கெடப் போறது அவனுக்கு."

"கோர்ட்டுல பொய் சொல்லப் போறிய."

"எதுளா பொய்? எம்பேரு ரோச். எங்கப்பன் மிக்கேல். ரெண்டும் நெசந்தான? மிச்சத்தை வெள்ளிக்கிழம சாமிகிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கிடுதேன்."

"நாசமாப் போங்க" என்று ரீனா தூணில் போய்ச் சாய்ந்துகொண்டாள்.

இலவச சட்ட உதவிக்கு வந்திருந்த வக்கீல் ஷெர்லின் அந்தப் பக்கம் வந்தாள். சாயர்புரத்துப் பெண், வயது சின்னது, கண் கூர்மையானது. வாரண்டைப் படித்துப் பார்த்துவிட்டுக் கட்டையனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணாச்சி, உங்களப் பாத்தா குடிக்கிற ஆளாத் தெரியலையே. இது உங்க கேஸ்தானா? இல்லன்னா இப்பவே சொல்லுங்க. உள்ள போய் ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்க."

இதைவிட லேசாக யாருக்கும் வழி திறக்காது. ரீனா தூணிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். கட்டையன் அவளைப் பார்க்கவில்லை.

"என்னுதுதான் வக்கீலம்மா. குத்தத்தை ஒத்துக்கிடுதேன்."

"ஒத்துக்கிட்டா அபராதம் போடுவாங்க. கோர்ட் கலையுற வரைக்கும் அங்கனயே நிக்கணும்."

"நிக்கேன்."

டவாலி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கட்டையன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கூண்டுக்குப் போனான். ரோச் பர்னாந்து யார் என்று கேட்டார்கள். "நான்தான்யா" என்றான். அந்த வார்த்தை இத்தனை ருசியாக இருக்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. குடித்தது உண்மையா என்றார் மாஜிஸ்திரேட். உண்மை. உடைத்தது? உண்மை. திட்டியது? "ரொம்பக் கேவலமாத் திட்டிட்டேன்யா" என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னான்.

ரீனா நண்டு விற்றுச் சேர்த்த காசு அபராதத்துக்குப் போனது. கட்டையன் சுவரோரம் கால் கடுக்க நின்றான். ஹெல்மெட் போடாதவன் வந்தான், போனான்; வரப்புத் தகராறு வந்தது, போனது; மின்விசிறி அவன் பக்கம் திரும்பவேயில்லை. ஆனாலும் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம் அவனுக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. அதை ரீனாவிடமே சொல்லவும் செய்தான். பஸ்ஸில் அவள் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஜீப் வந்த சேதி கேட்டதுமே நெட்டையன் வீட்டைப் பூட்டிக்கொண்டு மாமியார் ஊருக்கு ஓடியிருந்தான். கட்டையன் ஒவ்வொரு நாளும் கடலுக்குப் போகும்போது அந்தப் பூட்டிய மாடி வீட்டைப் பார்த்துக்கொண்டே போனான். இனி அந்த ஏசி என்ன, டைல்ஸ் என்ன, எல்லாம் வித்துத் தின்னுலே என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வான். வலையில் ஒன்றும் விழாத நாளிலும் சீட்டியடித்தான். கிளைட்டன் என்ன விசேஷம் என்று கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனான்.

ஒரு செவ்வாய்க்கிழமை நெட்டையன் வந்தான். வீட்டுக்குப் போகவில்லை, நேரே கடற்கரைக்கு வந்தான். கையில் ஒரு பெட்டி மக்ரூன். கட்டையன் பல்லைக் கடித்துக்கொண்டு, சண்டைக்குத் தயாராக இடுப்பில் கைலியை இறுக்கினான். வந்தவன் எல்லார் முன்னாலும் அவனை அப்படியே தூக்கி அணைத்துக்கொண்டான்.

"ஏலே கட்ட! நீ மனுசன் இல்லலே, தெய்வம்!"

கட்டையனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அந்த வாரண்டு ஒண்ணுதாம்லே என் கழுத்தப் புடிச்சிருந்துச்சு. கேஸ் நிலுவையில இருந்தா சர்டிபிகேட் தர மாட்டோம்னுட்டான். கோர்ட்டுக்குப் போனா உள்ள புடிச்சுப் போட்டுருவானோன்னு எனக்குப் பயம். நேத்துப் போய்க் கேக்கேன், ஒன் கேஸ் முடிஞ்சிட்டே, அபராதம் கட்டியாச்சேங்கான்! சில்லறைக் கேஸு, அபராதத்தோட தீந்துச்சு, இனி தடையில்லன்னு எழுதிக் குடுத்துட்டாம்லே. நாளன்னைக்கு வியாழக்கிழம ஃபிளைட்டு." பிறகு குரலைத் தாழ்த்தி, அக்கறையாகவே கேட்டான்: "கோர்ட் கலையுற வரைக்கும் நின்னியாம. காலு வலிச்சுதாலே?"

கடற்கரையே உருண்டு புரண்டு சிரித்தது. கூடப் பங்காளியாக இருந்து சோறு தின்கிற கிளைட்டன்கூட, "மொதக் கப்பலுக்கு அவன் நான்தான்னான், இந்தக் கப்பலுக்கு நீ நான்தான்னுட்டியா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டான். கட்டையன் மக்ரூன் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டான்.

வீட்டில் ரீனா பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள். "நல்லாத்தான் இருக்கு. நம்ம அபராதக் காசுல வந்த மக்ரூன்லா" என்றாள். கட்டையன் சோற்றைத் தொடவில்லை. தன் வாழ்க்கையில் அந்த நெட்டையனை இரண்டு தடவை கப்பல் ஏற்றிவிட்டவன் தான்தான் என்று நினைக்க நினைக்க, அவனுக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல வந்தது.

மறுநாள் அவன் கடலுக்குப் போகவில்லை. முதல் பஸ்ஸில் தூத்துக்குடிக்குப் போய், ஷெர்லின் ஆபீஸ் திறக்கும்வரை வாசலிலேயே நின்றான்.

"வக்கீலம்மா, அன்னைக்குக் கூண்டுல நின்னது நாந்தான். ஆனா அந்தக் கேஸ்ல உள்ள ரோச் நான் இல்ல."

ஆரம்பத்திலிருந்து அத்தனையையும் கொட்டினான். ஷெர்லினுக்கு முதலில் சிரிப்பு வந்தது. கேட்கக் கேட்க அது நின்றுவிட்டது.

"அன்னைக்கே கேட்டேனே அண்ணாச்சி." அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "சரி, நடந்தது நடந்துபோச்சு. இப்படியே விட்டுட்டா யாருக்கும் தெரியாது. நீங்க சொல்லுததை நான் மனுவா எழுதிப் போட்டா, ஆள் மாறாட்டம் பண்ணிக் கோர்ட்டை ஏமாத்துனதுக்கு உங்க மேல கேஸ் வரும். இது அபராதத்தோட போற கேஸ் இல்ல. ஜெயிலு."

"எத்தன நாளைக்கு?"

"அது கோர்ட் கையில. மாசக்கணக்கு ஆகலாம், வருசமும் ஆகலாம். அக்காவ நெனச்சுப் பாருங்க. மகளை நெனச்சுப் பாருங்க. பேசாம வீட்டுக்குப் போங்க."

கட்டையன் நினைத்துப் பார்த்தான். ரீனா வாசலில் மண்ணை வாரித் தூற்றுவாள். மகள் பள்ளிக்கூடத்தில் தலைகுனிவாள். கிளைட்டன் பங்குக்கு வேறு ஆள் பார்ப்பான். ஒன்றையும் அவன் மறைத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் ஒரு தடவை நினைத்து முடித்தான்.

"அப்ப அந்தப் பழைய வாரண்டு என்ன ஆவும்?"

"அது திரும்ப உசிரு பெத்துரும். அவரைத் தேடிப் போவாங்க."

"கப்பல் ஏற முடியாதுல்லா?"

ஷெர்லின் பேனாவை மூடி மேசையில் வைத்தாள். பிறகு சொன்னாள்: "முடியாது."

கட்டை ரோச் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"எழுதுங்க வக்கீலம்மா. சீக்கிரம் எழுதுங்க, இன்னைக்குப் புதன் ஆயிட்டு."