பதினான்கு பல்புகள்

பாத்திரம் கழுவுவது அந்த வீட்டில் கணவனின் வேலை. கல்யாணமான புதிதில் ஏற்பட்ட ஏற்பாடு. அவள் மோட்டார் கடையில் நாள் முழுக்கத் தாமிரக் கம்பியைக் காயிலாகச் சுற்றிவிட்டு வருவாள். கம்பி அறுத்த விரல் நுனிகளில் சோப்புத் தண்ணீர் பட்டால் எரியும். அதனால் அவள் சமைப்பாள், அவர் கழுவுவார். காரைக் கழுவுவதும் அவர்தான். அதில் மட்டும் வேறு கை படக்கூடாது. அவள் போகிற போக்கில் கண்ணாடியைத் துடைத்துவிட்டால்கூட, பின்னாலேயே வந்து இன்னொரு முறை துடைப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கடைசித் தட்டைக் கவிழ்த்துவிட்டு அவர் வெளியே வந்தபோது, வாசலில் காரின் முன்மூடி திறந்திருந்தது. தெருவே 'காயில் அக்கா' என்று கூப்பிடும் அவருடைய மனைவி முழங்கைவரை அதற்குள் இருந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"பேட்டரி மைனஸைக் கழட்டுறேன். கம்பி உரசினா ஃபியூஸ் போயிரும்ல."

"ராத்திரி நீ சும்மா பேச்சுக்குச் சொன்னேன்னு நெனச்சேன்."

"நான் எப்பங்க சும்மா பேசினேன்?"

அது உண்மைதான். போன வாரம் தகுதிச் சோதனைக்குப் போன இடத்தில், "விளக்கா இது, மெழுகுவத்தியா?" என்று கேட்டுக் காரைத் திருப்பி அனுப்பியிருந்தார் ஆய்வாளர். மறு சோதனை வியாழக்கிழமை. அதிலும் தவறினால் வண்டி ஓடக்கூடாது. வண்டி ஓடாவிட்டால், மழலையர் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் கணவரின் வேலை வேறொருவருக்குப் போய்விடும். தலைமை ஆசிரியை அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரித்துச் சொன்னதுதான் கணவருக்குப் பயமாக இருந்தது.

அவருடைய அண்ணன் கார் எலக்ட்ரீஷியன். சொந்தக் கடை. உறவில் யார் வண்டி வாங்கினாலும் வயர் வேலை அங்கேதான். அண்ணனிடம் போய் நின்றதற்கு, "எல்லாத்தையும் எல்இடியா மாத்திரலாம். அடுத்த வாரம் கொண்டா" என்றுவிட்டார். அடுத்த வாரம் என்பது வியாழக்கிழமைக்கு அப்புறம் என்று தம்பி சொன்னது அவர் காதில் ஏறவில்லை. சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டின்போது, "நான் மாத்துறேன்" என்றாள் அவள். கணவர் அடுத்த கவளத்தை உருட்டினார்.

எதையும் பிரிப்பதற்கு முன்னால் படம் போடுவது அவள் வழக்கம். மோட்டாரைத் திறந்தால் முதலில் காகிதம், பென்சில். அப்புறம் ஒவ்வொரு முனையிலும் ஒரு நிற நூல். காரையும் அப்படியே வரைந்திருந்தாள்: முன்விளக்கு இரண்டு, பார்க்கிங் இரண்டு, இண்டிகேட்டர் நான்கு, பிரேக் லைட் இரண்டு, ரிவர்ஸ் இரண்டு, நம்பர் பிளேட்டுக்கு இரண்டு. பதினான்கு. முந்தின நாள் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் காரை எதிர்ச்சுவர் பக்கம் நிறுத்தச் சொல்லி, பழைய வெளிச்சம் எந்த உயரத்தில் நிற்கிறது என்று சாக்பீஸால் கோடு இழுத்து வைத்திருந்தாள். "செவுத்துல என்ன படம் போடுறே?" என்று அவர் கேட்டதற்கு, "உங்க அளவுதான் எடுக்குறேன், சட்டை தைக்க" என்றாள்.

காலையிலேயே உதிரிபாகக் கடைக்காரரிடம் வாங்கிவந்திருந்த எல்இடி பல்புகளை மாட்டுவதற்கு முன் ஒவ்வொன்றாகச் சோதித்தாள். தனியாக ஒரு பேட்டரி, இரண்டு கம்பி. தொட்டால் எரிய வேண்டும். முன்விளக்குகள் எரிந்தன. சின்ன பல்புகள் பன்னிரண்டில் ஐந்து எரியவில்லை.

"பாருங்க, பாதிக்குப் பாதி செத்த சரக்கு. கொண்டுபோய்க் கடைக்காரன் மூஞ்சியிலேயே வீசிட்டு வேற வாங்கிட்டு வாங்க."

அவர் வேகமாகப் போனார். அரை மணி கழித்து மெதுவாக வந்தார். அதே ஐந்து பல்பு கையில்.

"எல்லாம் எரியுதும்மா. கம்பியத் திருப்பி வெச்சான், எரிஞ்சிருச்சு. இதுக்குப் பிளஸ் மைனஸ் இருக்காம்."

அவளுக்குக் காது சூடானது. இருபத்திரண்டு வருஷமாக வீட்டுக் கரண்டில் ஓடும் மோட்டார்களோடு வாழ்ந்தவள். பிளக்கை எப்படிச் சொருகினாலும் அவை ஓடும்; இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று அவள் யோசித்ததே கிடையாது.

"கடையில வேற யாராவது இருந்தாங்களா?"

"அண்ணன் இருந்தாரு."

சாயங்காலமே அண்ணன் வந்துவிட்டார். இறங்காமல், வண்டியில் உட்கார்ந்தபடியே கேட்டார்: "ஏம்மா, செத்த பல்பையெல்லாம் பொழைக்க வெச்சுட்டியா? காயில் சுத்துற கைக்கு இது எதுக்கு? பேசாம மூடி வெச்சிரு."

"வியாழக்கிழமை பாக்கலாம் மாமா" என்றாள் அவள். கணவர் இருவருக்கும் நடுவில் நின்று டயரைப் பார்த்தார்.

அன்றைக்குள் பதினான்கும் ஏறிவிட்டன. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு, இண்டிகேட்டருக்கு மஞ்சள் என்று பார்த்துப் பார்த்து மாட்டினாள். இருபது வருஷ ஓட்டுநர் தன் சொந்த இருக்கையில் எடுபிடியாக உட்கார்ந்திருந்தார். "மிதிங்க... விடுங்க... அட, பிரேக்க மிதிக்கச் சொன்னா எட்டிப் பாக்குறீங்க!" அப்புறம் இண்டிகேட்டரைப் போடச் சொன்னாள். டிக், டிக் என்று நிதானமாக அடிக்க வேண்டியது, படபடவென்று அடித்தது.

"காருக்குக் காய்ச்சல் வந்திருச்சு" என்றார் அவர்.

அவள் அவசரப்பட்டு எதையும் கழற்றவில்லை. ஒரு பழைய பல்பைத் திரும்ப மாட்டினாள், படபடப்பு குறைந்தது. எடுத்தாள், கூடியது. புரிந்துவிட்டது. எல்இடி குடிப்பது கொஞ்சூண்டு கரண்ட். இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் ரிலே உள்ளே இருக்கிறது; அது, பல்பு ஃபியூஸ் போய்விட்டதாக நினைத்துக்கொண்டு எச்சரிக்கை அடிக்கிறது. மறுநாள் கணவர் போனில் அண்ணனைக் கேட்டார். "பல்புக்கு ஒரு ரெசிஸ்டர் சேத்துக் கட்டு, கூடக் கொஞ்சம் கரண்டு இழுக்கும், அடங்கிரும். நாங்கல்லாம் அப்படித்தான் செய்யுறோம்."

"வேண்டாம்" என்றாள் அவள். "அது அடுப்பு மாதிரி சுடும். பக்கத்துல பூரா பிளாஸ்டிக். எரிஞ்ச காயில் நாத்தத்தத் தினம் மோந்துக்கிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் மூன்று கடை ஏறி இறங்கி, எல்இடிக்கென்றே வரும் ரிலேயை வாங்கிவந்தாள். ஸ்டீயரிங்குக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு பழையதைப் பிடுங்கிப் புதியதைச் சொருகினாள். டிக். டிக். அவர் ஒரு நிமிஷம் முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருந்தார். புதன்கிழமை இருட்டும் நேரத்தில் சுவர் வேலை. புது வெளிச்சம் சாக்பீஸ் கோட்டுக்கு மேலே ஒரு சாண் ஏறி நின்றது. திருகைத் திருப்பித் திருப்பி, இடது வலது இரண்டையும் கோட்டில் கொண்டுவந்து உட்கார்த்தினாள்.

வியாழக்கிழமை அவளும் விடுப்புப் போட்டுவிட்டுக் கூடப் போனாள். ஆய்வாளர் காரைச் சுற்றிவந்தார். பிரேக், ரிவர்ஸ், இண்டிகேட்டர். பிறகு கோடு போட்ட பலகையை முன்னால் நிறுத்தி வெளிச்சத்தை அளந்தார். குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். கணவர் ஸ்டீயரிங்குக்குப் பின்னாலிருந்து கழுத்தை நீட்டினார்.

"அளவு சரியா இருக்கே. எந்தக் கடையில செஞ்சீங்க?"

எத்தனையோ வருஷமாக அந்தக் கேள்விக்குக் கணவர் வாயில் 'அண்ணன் கடை' என்ற ஒரே பதில்தான் இருந்தது. அது உதடுவரை வந்ததை அவள் பக்கத்தில் இருந்து பார்த்தாள்.

"கடையில இல்ல சார். வீட்ல. இவங்கதான்."

ஆய்வாளர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "இண்டிகேட்டருக்கு என்னம்மா பண்ணீங்க? ரெசிஸ்டரா?"

"ரிலேய மாத்திட்டேன் சார். ரெசிஸ்டர் சுடும்."

"ம்" என்று சொல்லிவிட்டு முத்திரையைக் குத்தினார்.

அந்த 'ம்'மை வைத்துக்கொண்டு கணவர் இரண்டு நாள் ஊரை வலம்வந்தார்; அது போகப் போக வளர்ந்தது. பள்ளிக் காவலாளியிடம் சொன்னபோது ஆய்வாளர் தலையாட்டியிருந்தார். பால்காரரிடம் சொன்னபோது கை கொடுத்திருந்தார். மோட்டார் கடை முதலாளியிடம் போய்ச் சேர்ந்தபோது, "இப்படி ஒரு வேலைய நான் பாத்ததே இல்ல" என்று வாய்விட்டே சொல்லியிருந்தார். "அவரு சொன்னது ஒரே ஒரு 'ம்'" என்று அவள் திருத்தினாள். ஆனால் ஒவ்வொரு முறையும் திருத்தவில்லை.

சனிக்கிழமை அண்ணன் வந்தார். இந்த முறை இறங்கி, காரைச் சுற்றி, குனிந்து ரிலேயையும் பார்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். கடைச் சாவியை மேஜைமேல் வைத்தார்.

"நூலெல்லாம் கட்டி வெச்சிருக்கே."

"பழக்கம் மாமா."

"வேல சுத்தமாத்தான் இருக்கு." காபியை உறிஞ்சினார். "பள்ளிக்கூட வேன்காரங்க மூணு பேரு இதே மாதிரி வேணும்னு உன் புருஷனக் கேட்டிருக்காங்களாமே. என் கடைக்கு அனுப்பிரு. இடம் இருக்கு, போர்டு இருக்கு. நீ ஞாயித்துக்கிழமை வந்து மாட்டிக் குடுத்துட்டுப் போ."

"வர்றேன் மாமா. எனக்கும் ஆசைதான்." காலி டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "யாரு செஞ்சதுன்னு அவங்க கேட்டா என்ன சொல்லுவீங்க?"

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி இந்த முறை டயரையோ தரையையோ பார்க்கவில்லை. அண்ணனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "போர்டுல இருக்குற பேரத்தான்" என்றபடி அண்ணன் எழுந்தார். மேஜைமேல் இருந்த சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கதவைத் தாண்டி வெளியே போனார்.